ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை

செங்கமலம் வேலை பார்த்த அறுபத்தொன்றாம் நம்பர் ரயில்வே கேட்டைப் பகலில் நாலு வண்டிகள் கடந்து போகும். மற்ற நேரமெல்லாம் காற்றுதான். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மண்சாலை. சில நாட்களில் ஒரு மனித முகம்கூடத் தென்படாமல் டியூட்டி முடிந்துவிடும்.

அங்கே அவளுக்குத் துணை ஒரு குரல்தான். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆவாரம்பொட்டல் ஸ்டேஷனிலிருந்து, கேட் அறையின் கறுப்புப் போனில் வரும் குரல்.

"அறுபத்தொண்ணு, பாசஞ்சர் கிளம்புது. கேட்டை மூடுங்க."

"மூடியாச்சு சார்."

அவ்வளவுதான் பேச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் பெயர் எபனேசர் என்று தெரியும். முகம் தெரியாது. நிதானமான, கொஞ்சம் களைத்த குரல். ஐம்பது தாண்டியவர், நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி என்று அவளாக ஒரு உருவம் வைத்திருந்தாள்.

அந்த வேலை அவளுடைய கணவன் காத்தமுத்துவின் சாவில் கிடைத்தது. அவன் தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேன். மூன்று வருடத்துக்கு முன், இதே பாதையில் வேலையில் இருந்தபோது வண்டி அடித்து இறந்தான். கருணை அடிப்படையில் செங்கமலத்துக்குக் கேட்டைக் கொடுத்தார்கள். மகள் இலக்கியா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படித்தாள்.

காத்தமுத்து இறந்த மறுநாள் ஓர் இங்கிலீஷ் பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "இங்கிலீஷ் பேப்பர்லயே வந்துட்டார் மதினி" என்றார்கள். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆளுக்கொரு தடவை கையில் வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் இலக்கியாவின் பழைய பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். செங்கமலம் அவரிடமும் காட்டினாள். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு இருந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார்.

"பத்திரமா வைங்க" என்றார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தக் காகிதத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. மகளிடம் கேட்டிருக்கலாம். ஹெட்மிஸ்ட்ரஸின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்ன அகராதி வாங்கினாள். அதில் பாதி வார்த்தைகள் இல்லை. இருந்த வார்த்தைகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் நாலைந்து அர்த்தம்.

ஒரு காலை பாசஞ்சர் போனபிறகு அவள் போனை வைக்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க. கேட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். எனக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்கணும். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

அவள் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தாள்.

"இது வண்டிக்கான லைன்" என்றார் அவர். "பேசறதெல்லாம் பதிவாகும். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. அதுக்கு மேல கூடாது."

"சரி சார்."

"பேப்பர் நான் அனுப்பறேன்."

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் நடந்து வரும் கீமேன் பூவலிங்கம் மறுநாள் முந்தின நாள் பேப்பரைக் கொண்டுவந்தார். சுத்தியலையும் ஸ்பேனரையும் கீழே வைத்துவிட்டு, அக்குளில் இடுக்கியிருந்த பேப்பரை நீட்டினார்.

"எஸ்.எம். கொடுத்தார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கொடுத்துடுங்கன்னார்."

பூவலிங்கம் தண்ணீர் குடித்துவிட்டு நடையைக் கட்டினார். செங்கமலம் பேப்பரை மடியில் விரித்தாள். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு தலைப்பில் 'வேகன்ட்' என்று இருந்தது. அன்றைக்கு அதைக் கேட்டாள்.

"இப்ப கேட்டுக்கு முன்னால யார் நிக்கறாங்க?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "யாருமில்ல சார்."

"ரோட்டுல?"

"யாருமில்ல."

"அதுதான் வேகன்ட்."

போன் வைக்கப்பட்டது. அவள் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் 'ஓவர்டியூ'.

"மணி என்ன?"

"பதினொண்ணே கால் சார்."

"பத்தே முக்கால் வண்டி வந்துடுச்சா?"

"இன்னும் வரல."

"அதுதான்."

பி, ஏ, யு, எஸ், இ என்று அவள் எழுத்துக் கூட்டிக் கேட்ட 'பாஸ்' என்ற வார்த்தைக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. லைனில் காற்று மட்டும் இரைந்தது. சார், சார் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். லைன் கட்டாகவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. சற்றுப் பொறுத்து, "விளங்குச்சா?" என்றார். விளங்கிவிட்டது.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு எது கேட்டாளோ அதைப் பத்துத் தடவை எழுதுவாள். கேட்டை மூடும்போது சொல்லிப் பார்ப்பாள், திறக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். சைக்கிளில் வந்து காத்து நிற்கும் ஆட்கள் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தால் ஒரு வார்த்தை எடுத்துவிடுவாள். "எங்கம்மா படிச்சே இதெல்லாம்?" என்று மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு அடுத்த ஞாயிறு வரை போதும்.

"எத்தனை வார்த்தை தெரிஞ்சா சார் பேப்பர் முழுசாப் படிக்கலாம்?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"இன்னிக்குக் கேள்வி முடிஞ்சுபோச்சே" என்றார் அவர்.

மறுநாள் அதையே திரும்பக் கேட்டாள்.

"எனக்கும் தெரியாது" என்றார். "நான் இன்னும் படிச்சு முடிக்கல."

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. நோட்டில் இருநூறு வார்த்தை சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் உறையைக் கேட் அறைக்கு எடுத்துவந்தாள். அந்த நாலு வரியில் மூன்று வரி இப்போது தெரிந்தது. ஆள் பெயர், வயது, ஊர், கிழமை. கடைசி வரி மட்டும் இருட்டாக இருந்தது. அதில் நாலு வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவற்றை வரிசையாகக் கேட்க அவளுக்கு மனமில்லை. நடுநடுவே வேறு வார்த்தைகளைக் கலந்து, நாலு நாளைக்கு ஒன்றாக, பின்னாலிருந்து கேட்டாள்.

"சார், 'அப்ரோச்சிங்'."

"கேட்டுக்கு வெளிய வந்து பாருங்க. வண்டி தெரியுதா?"

"தெரியல. சத்தம் கேக்குது."

"இன்னும் வரல. ஆனா வந்துட்டிருக்கு. அதுதான்."

நாலு நாள் கழித்து 'அப்லிவியஸ்'.

"இது எந்தப் பேப்பர்ல இருந்தது?"

"நீங்க அனுப்பினதுதான் சார். நேத்து வந்ததுல."

"எந்தப் பக்கம்?"

அவளுக்குப் பக்கம் சொல்லத் தெரியவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"பக்கத்துல ஒண்ணு நடக்கும். அது நடக்கறதே ஒருத்தருக்குத் தெரியாது. அவர் அப்லிவியஸ்" என்றார். வழக்கம்போல் ரோட்டைப் பார்க்கச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே வரச் சொல்லவில்லை.

அடுத்தது 'என்க்ராஸ்டு'. "ஒரே விஷயத்துல முங்கிப்போறது" என்றார், வேகமாக. போனை வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் எக்ஸ்பிரஸ் போனபிறகு, செங்கமலம் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தாண்டிவிட்டால் வரி முழுக்கப் புரிந்தது. போன் பேச்சில் முங்கிப்போய், வருகிற வண்டி தெரியாமல் இருந்தான் என்று அவனைப் பற்றி எழுதியிருந்தது.

இதைத்தான் அவள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். இதைத்தான் வீடு தேடி வந்தவர்களிடமெல்லாம் எடுத்து நீட்டியிருந்தாள்.

காகிதத்தை மடிக்க முடியவில்லை. சாயந்திர வண்டிக்குக் கேட்டை மூடினாள், கொடி காட்டினாள், திறந்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். சாப்பிடவில்லை. இதைச் சொல்லி அழ அந்த வீட்டில் ஆள் இல்லை. மகளுக்குப் போன் செய்ய எண்களை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை பாசஞ்சர் போனதும் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"சார், இன்னிக்கு ஒரு வரி படிக்கட்டுமா?"

"படிங்க."

"ஹி வாஸ் அலெஜட்லி என்க்ராஸ்டு இன் எ போன் கால் அண்ட் அப்லிவியஸ் ஆஃப் தி அப்ரோச்சிங் ட்ரெய்ன்."

திக்கித் திக்கித்தான் படித்தாள். ஆனால் ஒரு எழுத்தும் விடவில்லை. அவள் வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான்.

லைனில் காற்று இரைந்தது.

"ஒரு வார்த்தைதான் சார் பாக்கி. அலெஜட்லி."

"அது பேப்பர்காரங்க போடற வார்த்தை" என்றார் அவர். "அவங்க கண்ணால பார்க்கல. யாரோ சொல்லியிருக்காங்க. அந்த ஆள் பேரைப் போட மாட்டாங்க. அதுக்குப் பதிலா இதைப் போடுவாங்க."

செங்கமலம் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"யார் சார் சொன்னது?"

"ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைதான்" என்றார் அவர். போன் வைக்கப்பட்டது.

அடுத்த நாள் போனில் வேறு ஒரு குரல் வந்தது. கேட்டை மூடச் சொன்னது.

"எபனேசர் சார் இல்லையா?"

"லீவு. கேட் மூடினதுக்கு நம்பரைச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். போன் வைக்கப்பட்டது. பாசஞ்சர் போனது. ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டு, இருந்த ஒரு குரலையும் துரத்திவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. பேப்பர் வருமோ வராதோ என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியபோது தூரத்தில் பூவலிங்கம் தெரிந்தார். கூட இன்னொருவன் நடந்து வந்தான். ஒல்லியான ஆள், முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஜல்லியில் நடந்து பழக்கமில்லாதவன் போல அடிக்கொரு தரம் தடுமாறினான். ஷூ முழுக்க வெள்ளைப் புழுதி. பூவலிங்கத்தின் சொந்தக்காரனாக இருக்கும் என்று நினைத்தாள்.

"செங்கமலம்மா" என்றான் அவன்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். குரல் அவருடையது.

"சார், நீங்களா?"

"நான்தான்."

"இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொன்னா மூஞ்சி தெரியாது" என்றார் எபனேசர். "அதான் வந்தேன்."

பூவலிங்கம் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் ஏதோ ஒரு போல்ட்டைத் தட்ட ஆரம்பித்தார்.

எபனேசர் உட்காரவில்லை. கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது நடந்தப்ப நான் வேலைல சேர்ந்து பதினோரு நாள். பேப்பர்லேர்ந்து போன் வந்தது. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது. நான் ஸ்டேஷன்ல இருந்தேன். ஆனா தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியலையான்னு கேப்பாங்களோன்னு. போன் பேசிட்டு இருந்திருப்பார், வண்டி வர்றதைக் கவனிச்சிருக்க மாட்டார்னு சொன்னேன். வாயில வந்தது. மறுநாள் பேப்பர்ல பார்த்தேன். நான் சொன்னது அப்படியே இருந்தது. என் பேர் இல்ல."

செங்கமலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த மீசையும் மூக்குக் கண்ணாடியும் எங்கோ போய்விட்டிருந்தன. தன் தம்பி வயதுகூட இல்லாத ஒருவன் எதிரில் வியர்த்துப்போய் நின்றான்.

"அதனாலதான் பேப்பர் அனுப்பினீங்களா?"

"முதல்ல அதனாலதான்."

"நான் என்னிக்காவது இதைக் கேப்பேன்னு தெரியுமா?"

"அப்லிவியஸ்னு கேட்டீங்களே, அன்னிக்குத் தெரிஞ்சது. அந்தக் காகிதம் உங்ககிட்ட இருக்குன்னு. அப்பவே சொல்லியிருக்கணும். அடுத்த வார்த்தைக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கு அடுத்ததுக்கு அப்புறம்னு இருந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷில் கையால் எழுதியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியைச் சொல்லி, அன்றைக்கு வந்த செய்தியைக் குறித்து பேப்பர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம். செங்கமலம் எழுத்துக் கூட்டினாள். ஐ ஸெட் இட். ஐ டிட் நாட் ஸீ இட். நோபடி ஸா இட். கீழே எபனேசர் என்று முழுப் பெயர், ஸ்டேஷன் மாஸ்டர், ஆவாரம்பொட்டல்.

அகராதியை எடுக்க வேண்டியே இருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாத வார்த்தை இல்லை.

"போடுவாங்களா சார்?"

"தெரியாது. காலைல போஸ்ட் பண்ணிட்டுத்தான் வர்றேன். ஆபீசுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்."

"ஆபீசுக்கா? உங்க வேலைக்கு ஏதாவது…"

"கேப்பாங்க. கேக்கட்டும்."

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமும் இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"அவர் போன் பேசினது நெசந்தான் சார்."

எபனேசர் நிமிர்ந்தார்.

"எங்கிட்டதான் பேசினார். நான்தான் போன் பண்ணினேன். ரேஷன் கார்டு எங்கன்னு கேட்டேன். பெட்டி மேலன்னார். 'வண்டி வருது, வைக்கிறேன்'னார். வச்சுட்டார்." அவள் குரல் உடையவில்லை. மூன்று வருடமாக உள்ளேயே புரட்டிப் புரட்டி வழுவழுப்பாகிப்போன பேச்சு அது. "வண்டி வர்றது அவருக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் போனை வச்சார். அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியாது. நான் போன் பண்ணினதை யாருமே கேக்கல. நானும் சொல்லல. என்னாலதான் போனாரோன்னு பயம்."

அறைக்குள் போன் அடித்தது. அவள் போய் எடுத்தாள். கேட்டை மூடினாள். கொடியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். எபனேசரும் பூவலிங்கமும் வேலியோரம் ஒதுங்கினார்கள். எக்ஸ்பிரஸ் மூன்று பேரையும் தாண்டிப் போனது. சத்தம் முழுக்க அடங்கியபிறகும் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அவள் கேட்டைத் திறந்துவிட்டு வந்தபோது எபனேசர் சொன்னார்:

"அப்ப இன்னொரு கடிதம் எழுதணும். நீங்க சொன்னதையும் சேர்த்து."

"நான் எழுதறேன் சார்."

செங்கமலம் அறைக்குள் போய் நோட்டை எடுத்துவந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. ஹி நியூ தி ட்ரெய்ன் வாஸ் கமிங். ஹி டோல்ட் மி. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, தான் யார் என்று சொல்லாவிட்டால் யார் நம்புவார்கள் என்று தோன்றியது போல, அந்த வரியிலேயே இன்னும் நாலு வார்த்தை சேர்த்தாள். அண்ட் ஐ கால்டு ஹிம்.

எபனேசர் குனிந்து பார்த்தார். பிழை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மட்டும் விரலை வைத்தார்.

"இந்த 'ஐ' சின்னதா இருக்கு. பெருசா எழுதணும்."

"வரிக்கு நடுவுலதானே சார் வருது? முதல் எழுத்துதானே பெருசா வரும்?"

"இது எங்க வந்தாலும் பெருசுதான்."

செங்கமலம் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாள். இருநூறு வார்த்தை எழுதிய நோட்டில் அதை அவள் இதுவரை எழுதியதே இல்லை.

"ஏன் சார் அப்படி?"

"துணைக்கு வேற எழுத்து கிடையாதும்மா. தனியா நிக்கணும்."